மைக் சின்னையாவின் கேபிஐ

பாக்கார் ஆராங்,
சுங்கைப்பட்டாணி
12.2.2024

அன்பு மகள் ஷீலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். ஜொகூரில் நீ சுகமா? கடிதத்தை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அதனால் சுகம் என்று எழுதியதை அப்படியே நம்பிவிடாதே. அது பாடம்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அம்மா போனில் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மானம் மிஞ்சும். ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பாக்சிக் பாயாம். கீரைக் கிழவன் என்று வைத்துக்கொள்.

இரண்டாவது ஆபரேஷனுக்காக வார்டில் காத்துக் கிடந்தேன் அல்லவா, அப்போது தொண்டை வீங்கியிருக்கிறது, வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு கொடுத்தார்கள். சின்ன வயசு மலாய் நர்ஸ் மிஸி ஒருத்தி வந்து, என்ன வேணும் பாக்சிக் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மனசில் இருந்ததை எழுதினேன். மலாயில் 'தாக்குட்' என்று எழுதியிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிறவனுக்கு அந்த நேரம் பார்த்து அந்தச் சொல் ஓடிப்போய்விட்டது. கை தானாகத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியது. பி, ஏ, ஒய், ஏ, எம். பயம்.

மலாய்க்காரிக்கு அது கீரை. 'போலே, போலே', ஆகட்டும் ஆகட்டும் என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் மதியம் எல்லாருக்கும் கோழி சூப், எனக்குக் கீரை சூப். ராத்திரியும் கீரை. அதற்கடுத்த நாளும் கீரை. பாவம், கிழவனுக்கு ஆசை போல என்று தனியாகச் சொல்லிச் செய்யவைத்திருக்கிறாள். நானும் மீதி வைக்காமல் குடித்தேன். வேறு என்ன செய்ய?

நீ வந்துபோனது நல்லது. ஆனால் இரண்டு ஆபரேஷனுக்கும் லீவு எடுத்து உன் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். இனி வராதே. நான் இப்போது பேசினால் காற்றுதான் அதிகம் வருகிறது, சத்தம் குறைவு. போனில் குரல் பதிந்து அனுப்பினால் பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும். டைப் பண்ணத் தெரியாது. அதனால்தான் பேப்பர்.

டாக்டர் கேட்டார், வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள், ஏதாவது ஒரு குறிக்கோள் வைத்துக்கொள்ளுங்கள் என்று. யோசித்தேன். இருமாமல் சோறு சாப்பிட வேண்டும். மூச்சு வாங்காமல் நம்ம பாடாங் திடலை ஒரு சுற்று சுற்ற வேண்டும். சித்திரை மாசம் மாரியம்மன் திருவிழாவில் மைக்கில் ஒரே ஒரு அறிவிப்பு செய்ய வேண்டும். முப்பது வருசம் கல்யாணம், காதுகுத்து, கோவில் என்று கத்திய மைக் சின்னையா, இப்போது ஒரு வரிக்கு ஆசைப்படுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
கீரைக்கார அப்பா


ஜொகூர் பாரு
27.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு ஷீலா. நான் நல்லா இருக்கேன். இது பாடம் இல்ல, நிஜம். உங்களுக்கு இருமல் எப்படி? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி?

லெட்டர் பாக்ஸ்ல கரண்டு பில்லுக்கு நடுவுல உங்க கையெழுத்தைப் பார்த்து ஒரு நிமிசம் பயந்துட்டேன். எனக்கு யாரும் லெட்டர் போட்டதே இல்ல. வேலைக்குச் சிங்கப்பூர் போற பஸ்ல வச்சுப் படிச்சேன். கீரைக் கதையில சத்தமா சிரிச்சிட்டேன், பக்கத்துல இருந்த சீன அம்மா எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க. பாலத்து மேல போறப்ப சிரிப்பு நின்னுபோச்சு. நீங்க கேட்டது கீரை இல்லையேப்பா.

சரி, இனிமே ஒவ்வொரு லெட்டர்லயும் எத்தனை கட்டு கீரைன்னு எழுதிடணும். மறைக்கக் கூடாது.

பேக்டரியில என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருக்காங்க. ஜூன் வரைக்கும் சோதனைக் காலம். கேபிஐன்னு ஒன்னு குடுத்திருக்காங்க, இந்த ஆறு மாசத்துல என்னென்ன செஞ்சு காட்டணும்னு. செஞ்சா வேலை நிக்கும், இல்லாட்டி பழையபடி லைன்ல உட்காரணும். நீங்க எழுதினதும் அதேதான்லா. சோறு, பாடாங், மைக். உங்க கேபிஐ நான் எழுதி வச்சுட்டேன். மாசா மாசம் ரிப்போர்ட் அனுப்பணும். நானும் ஒன்னு சேர்த்துக்கிறேன், மேகி மீ திங்காம வீட்டுல சமைக்கிறது.

அம்மாகிட்ட கேளுங்க, போன்ல உங்களைப் பத்திக் கேட்டா மட்டும் அவங்க ஏன் இவ்வளவு வேகமா பேசுறாங்க?

அன்பு மகள்,
ஷீலா


பாக்கார் ஆராங்
17.3.2024

அன்பு பாப்பாவுக்கு, அப்பாவின் மாதாந்திர ரிப்போர்ட். சுகம். நீ என்ன சமைத்தாய்? தீய்ந்ததா?

சோறு: முதல் வாய் மூக்கு வழியாக வந்தது. இரண்டாவது வாய் அம்மாவின் சேலையில். மூன்றாவது உள்ளே போனது. அம்மா எதிரே உட்கார்ந்துகொண்டு, 'எறங்கிருச்சா? எறங்கிருச்சா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் என்ன ஏரோபிளேனா? ஆனால் இறங்கிவிட்டது. இப்போது குழைந்த சோறு ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிடுகிறேன்.

பாடாங் முக்கால் சுற்று முடிகிறது. கோல் போஸ்ட் பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே பந்து விளையாடுகிற பையன்களுக்கு நான் கோச் என்று ஒருத்தர் நினைத்து வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். நானும் கொடுத்தேன்.

என் மைக்கை இப்போது தர்மலிங்கம் வைத்திருக்கிறான். போன ஞாயிறு கல்யாணத்தில், மணமக்களை வாழ்த்துகிறேன் என்று சொல்லிப் பெண்ணின் பேரோடு மாமனார் பேரைச் சேர்த்துச் சொல்லிவிட்டானாம். மாமனார் எழுந்து கும்பிட்டாராம். நேற்று வீட்டுக்கு வந்து, 'அண்ணே, சீக்கிரம் வந்துருங்கண்ணே, என்னை அடிக்க வர்றாங்க' என்றான். தைரியம் சொல்லி அனுப்பினேன். எனக்கே இல்லாததை எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற ஸ்கோப் மே மாசம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது ஏப்ரல் தொடக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடம் காலியாம். நல்லதுதானே, ஒரு வேலை சீக்கிரம் முடியும்.

கீரை அரைக்கட்டு. அதுவும் வாடின கீரை.

ரோட்டைப் பார்த்து நட.

அப்பா


ஜொகூர் பாரு
1.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு, எல்லாரும் நலம்னு நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியுது.

சோறு எறங்கினதுக்கு வாழ்த்து. நான் வச்ச சாம்பாரை நானே குடிக்கல, அதனால அதைப் பத்தி வேணாம்.

அப்பா, ஆஸ்பத்திரியில யாராச்சும் தேதியை முன்னாடி நகர்த்துவாங்களா? எல்லாருக்கும் பின்னாடிதான் தள்ளுவாங்க. போன வருசம் முதல் ஆபரேஷன் முடிஞ்சு தொண்டைக்குக் கரண்டு வச்சப்பகூட உங்களை மூனு வாரம் காக்க வச்சாங்க. இப்ப மட்டும் எடம் காலியா?

அம்மாகிட்ட போன்ல கேட்டேன். 'நல்லா இருக்காரு, சோறு திங்கிறாரு, இங்க மழை பெய்யுது' அப்படின்னாங்க. ஒரே மூச்சுல. மழையை யாருப்பா கேட்டா?

ஸ்கோப்புல என்ன சொன்னாங்கன்னு அன்னைக்கே எழுதுங்க. அன்னைக்கே. வேணும்னா நான் கிளம்பி வர்றேன்.

ஷீலா


பாக்கார் ஆராங்
30.4.2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மா சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை என் பேரை அந்த வரியில் சேர்க்கவில்லை.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குத் திருவிழா வேலை என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அதை முதலில் சொல்கிறேன்.

தேர் கிளம்புகிற நேரம். வழியில் ஒரு வெள்ளை மைவி கார் நிற்கிறது. தர்மலிங்கம் மைக்கை என் கையில் கொடுத்து, 'அண்ணே, இதை நீங்க சொல்லுங்க' என்றான். எத்தனை வருசம் எத்தனை கார்களை நகர்த்தியிருக்கிறேன். 'வெள்ளை நிற மைவி காரின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனே வரவும்.' அவ்வளவுதான். ஸ்பீக்கரில் வந்த சத்தத்தைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன், யார் இங்கே மரம் அறுக்கிறான் என்று. கார்க்காரப் பையன் ஓடி வந்து, 'அங்கிள், மைக் ஸ்பாயிலா?' என்றான். 'மைக் நல்லாத்தான்டா இருக்கு, வண்டிய எடு' என்று தர்மலிங்கம் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். தேர் நகர்ந்தது. பாடாங் போன வாரமே முழுச் சுற்று ஆகிவிட்டது, மூன்றாவது கேபிஐயும் முடிந்தது என்று எழுதிக்கொள்.

இனி நீ கேட்டது.

டாக்டர் மலாயில் சொன்னார், 'பெட்டி சுவாரா' எடுக்க வேண்டும் என்று. எனக்குப் பெட்டி என்றதும் நம்ம ஸ்டோரில் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டிதான் ஞாபகம் வந்தது. அது என்னுடையது இல்லை, கோவிலுடையது என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் என் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். குரல்பெட்டி. போன இரண்டு தடவையும் ஓரத்தில் வெட்டினார்கள், மறுபடியும் அதே இடத்தில் கட்டி வந்திருக்கிறது. இந்தத் தடவை முழுசாக எடுத்துவிடுவார்களாம். கழுத்தில் ஓட்டை போட்டு அதில்தான் மூச்சு. மூக்கு சும்மா அலங்காரம். பேச்சு வராது. கொஞ்ச நாளைக்கு இல்லை, இனிமேல் வராது.

எடுக்காவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

மே இருபதாம் தேதிக்கு வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனா எழுதவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது. மறுபடியும் போனேன், அன்றைக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. மிஸி அதைப் பார்த்தாள்.

கீரை கடை முழுக்க இருக்கிறது பாப்பா. எங்கே கால் வைத்தாலும் அதுதான்.

அப்பா


ஜொகூர் பாரு
4.5.2024

அப்பா,

நலமான்னு இந்தத் தடவை கேட்கல.

கையெழுத்துப் போடுங்க. கண்ணாடி வேணாம், பேனா வேணாம், கைநாட்டு வச்சாலும் சரி. பேச்சு போனா போகட்டும்.

நான் வர்றேன். மேனேஜர்கிட்ட கேட்டேன். சோதனைக் காலத்துல இனிமே ஒரு நாளும் லீவு இல்ல, போனா போனதுதான்னு சொல்லிட்டாரு. போகட்டும். பத்தொன்பதாம் தேதி பஸ் ஏறுறேன்.

ஷீலா


பாக்கார் ஆராங்
9.5.2024

அன்பு மகள் ஷீலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகம்தானே.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நல்ல பேனா.

நீ வராதே. இதை நான் மைக்கில் சொல்கிற மாதிரி இரண்டு தடவை சொல்கிறேன், வராதே. எத்தனை வருசம் அந்த லைனில் குனிந்து உட்கார்ந்திருந்தாய். இப்போதுதான் நிமிர்ந்து நிற்கிறாய். அப்பனுக்குக் குரல் போகிறது என்று மகளுக்கு வேலையும் போக வேண்டுமா? நீ வந்தாலும் ஆபரேஷன் ரூம் வாசலில் பெஞ்சில்தான் உட்காரப் போகிறாய். அந்தப் பெஞ்சுக்கு உன் அம்மா போதும். அவள் பக்கத்தில் உட்காருகிறவர்களின் நோய்க்கதை எல்லாம் கேட்டு முடிப்பதற்குள் என்னைத் தைத்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

நீ வந்தால் நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன். இது மிரட்டல். எனக்கு மிரட்ட வராது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இருக்கிற குரலை மிச்சம் வைத்து என்ன செய்ய? செலவு பண்ணுகிறேன். காலையில் எழுந்ததும் ஃபிரிட்ஜோடு பேசுகிறேன். மோட்டாரைத் திட்டுகிறேன். பக்கத்து வீட்டுப் பூனை கேட் பக்கம் வந்தால் அதற்குக் கல்யாண அறிவிப்பு செய்கிறேன். 'வாயை மூடுங்க, டாக்டர் என்ன சொன்னாரு' என்று அம்மா கத்துகிறாள். அப்புறம் அவளே அடுப்படியிலிருந்து, 'என்ன, சத்தத்தையே காணோம்?' என்று எட்டிப் பார்க்கிறாள்.

கீரைக் கணக்கு இந்தத் தடவை வேண்டாம்.

வேலையைக் கவனமாகப் பார். எங்கள் ஆசிகள்.

அப்பா


பாக்கார் ஆராங்
30.5.2024

ஷீலா கண்ணுக்கு அம்மா எழுதுறது. போன்ல சொன்னா நான் அழுதுருவேன், அதான் அப்பா பேனாவை எடுத்து எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும்.

அப்பா பொழைச்சிட்டாரு. உள்ள கொண்டுபோனது காலையில, வெளிய வந்தப்ப விளக்குப் போட்டாச்சு. உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல வச்சு பேரு என்ன, அடையாளக் கார்டு ஐசி நம்பர் என்னன்னு கேட்டாங்க. ஒவ்வொரு நம்பரா சரியா சொன்னாரு. அதான் கடைசியாப் பேசினது. ஐசி நம்பரு. யாருக்காச்சும் இப்படி நடக்குமா கண்ணு?

கழுத்துல ஓட்டை போட்டு மூச்சு விடுறாரு. அந்தச் சத்தம் நின்னுருமோன்னு நான் காதைத் தீட்டிக்கிட்டே கெடக்கேன். சளி அடைச்சா மொகமெல்லாம் கறுத்துருது. எப்படி உறிஞ்சி எடுக்குறதுன்னு மிஸி சொல்லிக் குடுத்துருக்கா. மொத தடவை என் கையே வரல. அவரு என் கையைப் புடிச்சு அந்தக் குழாய்கிட்ட கொண்டுபோய் வச்சாரு.

ஒன்னு சொல்லணும். உன்னைக் குத்தம் சொல்லல. அவரு சொல்லித்தான் நீ வரல, எனக்குத் தெரியும். ஆனா வார்டு கதவு திறக்குறப்பல்லாம் திரும்பிப் பாக்குறாரு. மிஸி வந்தாலும் பாக்குறாரு, கூட்டுறவங்க வந்தாலும் பாக்குறாரு. நான் பாக்குறேன்னு தெரிஞ்சா சீலிங்கைப் பாக்குறாரு.

இதை நான் எழுதினேன்னு அவருக்குத் தெரிய வேணாம். நேரத்துக்குத் தின்னு.

அம்மா
குணவதி


ஜொகூர் பாரு
14.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு, நலம். உங்களுக்குக் கழுத்துப் புண் ஆறிடுச்சா? அம்மாவைக் கொஞ்சம் தூங்கச் சொல்லுங்க.

ரொம்ப நாளா எழுதல. எழுத உட்கார்ந்தா என்ன எழுதுறதுன்னு தெரியல. வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. மேனேஜர் கை குடுத்தாரு. எல்லாரும் கேக் வெட்டச் சொன்னாங்க. நான் டாய்லெட்டுக்குப் போய் உட்கார்ந்துட்டு வந்தேன்.

ஜூன் கடைசியில வந்த ஒன்னரை நாளும் நீங்க சிரிச்சிக்கிட்டே இருந்தீங்க. சிலேட்டுல எழுதினது பூரா ஜோக்கு. 'மாதா மாதம் ஷேவ் செய்ய வேண்டிய இடத்தில் இப்போது ஜன்னல்.' நானும் சிரிச்சேன். பஸ் ஈப்போ தாண்டுற வரைக்கும் சிரிச்ச மாதிரியே மூஞ்சியை வச்சிருந்தேன், கழட்டத் தெரியாம.

பழைய கேபிஐ எல்லாம் முடிஞ்சுபோச்சு. புதுசு சொல்லுங்கப்பா. எதையாச்சும் சொல்லுங்க. நீங்க ஒன்னுமே சொல்லாம உட்கார்ந்திருக்கிறதா அம்மா சொல்றாங்க, அது எனக்கு இங்க கேட்டுக்கிட்டே இருக்கு.

ஷீலா


பாக்கார் ஆராங்
18.8.2024

அன்பு சூப்பர்வைசர் அவர்களுக்கு, அப்பா எழுதுவது. அம்மா சுகம், பூனை சுகம், நானும் பரவாயில்லை. உன் சுகத்தை அறிய ஆசை.

புதுக் கேபிஐ வந்துவிட்டது. அறுபது வயசில் ஏப்பம் விடப் படிக்கிறேன்.

சிரிக்காதே, ஆஸ்பத்திரியில் அதற்கு வகுப்பே இருக்கிறது. குரல்பெட்டி இல்லாதவர்கள் காற்றை விழுங்கி, அதை ஏப்பமாக வெளியே விட்டு, அந்த ஏப்பத்தை வார்த்தையாக்க வேண்டும். டீச்சர் ஒரு மலாய்ப் பெண், ரொம்பப் பொறுமை. நாங்கள் நாலு கிழவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஏப்பம் விடுகிறோம். இத்தனை வருசமாகச் சாப்பிட்டு எழுந்தால், 'நாலு பேரு இருக்குற எடத்துல என்ன பழக்கம் இது' என்று உன் அம்மா திட்டுவாள். இப்போது எதிரில் உட்கார்ந்து, 'விடுங்க, இன்னும் ஒன்னு விடுங்க' என்கிறாள்.

முதலில் பா, தா, கா. உதட்டையும் நாக்கையும் அடித்துத் திறக்கிற எழுத்துதான் சுலபமாக வருமாம். பிறகு மலாய்ச் சொல். 'காத்தாக்' என்று சொல்லச் சொன்னாள். தவளை. நான் சொன்னது தவளை என்ற சொல் மாதிரி இல்லை, தவளை மாதிரியே இருந்தது. பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார், அவருக்கும் சத்தம் வரவில்லை. நாலு பேர் சத்தமில்லாமல் சிரிப்பதைப் பார்த்திருக்கிறாயா?

இன்னும் சேர்த்துப் பேச வராது. ஒரு ஏப்பத்துக்கு ஒரு எழுத்து, மிஞ்சினால் இரண்டு. பிறகு மறுபடியும் காற்றை விழுங்க வேண்டும். தீபாவளிக்குள் ஒரு முழு வாக்கியம் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் நுரையீரலையும் ஒரு படம் எடுத்தார்கள். வழக்கமாக எடுப்பதுதான்.

கீரை பற்றி நீ கேட்கும் முன் சொல்கிறேன், விலை ஏறிவிட்டது, வாங்குவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஏப்பக்கார அப்பா


ஜொகூர் பாரு
15.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏப்பம் படிச்சு அறை முழுக்கச் சிரிச்சேன். அப்புறம் கடைசியில இருந்த ரெண்டு வரியை மறுபடியும் படிச்சேன். உங்க லெட்டர்ல கடைசியில இருக்குறதைத்தான் முதல்ல படிக்கணும்னு இப்ப தெரியுது.

அம்மாவை விடாம கேட்டேன். சொல்லிட்டாங்க. படத்துல சின்ன நிழல் தெரியுதாம். என்னன்னு இப்ப சொல்ல முடியாதாம். நவம்பர்ல மறுபடியும் ஸ்கேன், அன்னைக்கே உட்கார வச்சு சொல்லுவாங்களாம். அம்மா, 'அப்பா ஒன்னும் சொல்ல மாட்டேங்குறாரு, பாடாங்கைச் சுத்துறதையும் விட்டுட்டாரு'ன்னாங்க.

எனக்கும் பயமா இருக்குப்பா. கீரைன்னு சொல்லல, நேரா சொல்றேன்.

இப்ப எனக்கு லீவு இருக்கு. கேட்டா குடுப்பாங்க. ஸ்கேனுக்கு நான் வரவா வேணாமான்னு நீங்க சொல்லணும். எழுதாதீங்க. எழுத்துல நீங்க நல்லா பொய் சொல்றீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்றேன். புதுக் குரல்ல உங்க வாயால சொல்லுங்க. என்ன சொல்றீங்களோ அதை அப்படியே கேட்டுக்கிறேன். சத்தியமா.

ஷீலா


பாக்கார் ஆராங்
24.9.2024

அன்பு மகள் ஷீலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியது சந்தோசம். அம்மா விடிந்ததிலிருந்து போனை சார்ஜில் போட்டு, எடுத்து, துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சட்டை மாற்றிக்கொண்டேன். போனில் சட்டை தெரியாது என்று அம்மா சொன்னாள். இருந்தாலும் மாற்றிக்கொண்டேன்.

நான் புதுக் குரலில் உன்னைக் கூப்பிட்டேன். லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்து அம்மா போனை ஆட்டினாள். அப்புறம், 'அப்பா, தவளை மாதிரி எல்லாம் இல்ல, மோட்டர்போட்டு ஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்கு' என்றாய். நல்ல வேளை, அழுதுகொண்டே சொன்னாய். இல்லாவிட்டால் கோபம் வந்திருக்கும்.

நீ, 'நான் வரவாப்பா?' என்று கேட்டாய். பதில் சொல்ல எனக்கு நேரம் ஆனது. காற்றை விழுங்குவதால் நேரம் ஆகிறது என்று அம்மா உனக்கு விளக்கினாள். அதுவும் ஒரு காரணம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, 'சரிப்பா, அப்ப தீபாவளிக்கே வர்றேன். ஸ்கேன் அன்னைக்கு அம்மாவைப் போன் பண்ணச் சொல்லுங்க' என்று வைத்துவிட்டாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். உன்மேல் தப்பு இல்லை.

போனை வைத்த பிறகு அம்மா, 'நல்லாத்தான் பேசுனீங்க' என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். துணி காயப்போடுகிறாள் என்று நினைத்தேன். வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். நிழல் என்றால் கையில் தட்டுப்படுமா என்ன. மடத்தனம். இருந்தாலும் நேற்றும் வைத்துப் பார்த்தேன்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. பாலத்தில் நெரிசலாக இருக்கும், குடை எடுத்துப் போ.

ஆசிகளுடன்,
அப்பா

பி.கு: நான் உனக்குச் சொன்ன பதிலை நீ ஒரே வார்த்தையாகத்தான் கேட்டிருப்பாய். ஆனால் எனக்கு அது மூன்று ஏப்பமாக வந்தது. பர. வா. யில்ல. அந்த வாரம் முழுக்க டீச்சரிடம் சொல்லிக் கேட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் பழகியது நடுவில் வந்ததை மட்டும்தான்.